நாக்கு எண்ணிய மரைகள்

ஜூன் 3

என் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

உனக்குச் சந்தேகம் வரும். இது டீச்சர் எழுதித் தந்தது இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எழுதித் தந்ததும் இல்லை. அறுபத்தொன்பது வயதில் நானே எழுதும் முதல் கடிதம். மேலே இருக்கிறதை எழுதுவதற்குள் ஒரு டம்ளர் டீ ஆறிப்போய்விட்டது. பரவாயில்லை, ஆறின டீயும் நன்றாகத்தான் இருக்கிறது.

நூலகத்து மாடியில் வகுப்பு. "ஐயா, பென்சில் எங்கயும் ஓடிப் போகாது, இவ்வளவு இறுக்காதீங்க" என்று டீச்சர் தினமும் சொல்கிறார். நாற்பத்தொரு வருடம் லேத் பிடித்த கை. இரும்பு என்றால் அதற்குத் தெரியும், பென்சில் புதுசு. ஆனாலும் வந்துவிட்டது பாப்பா. உன் அம்மா இருந்தவரை பஸ் போர்டு முதல் மாத்திரை அட்டை வரை அவள்தான் படித்துச் சொல்வாள். இப்போது நானே படிக்கிறேன். முப்பது வருடமாக முடி வெட்டிக்கொள்ளும் கடையின் பெயரைப் போன மாதம்தான் தெரிந்துகொண்டேன். பலகையில் 'நவீன' என்று இருக்கிறது. உள்ளே இருக்கிற நாற்காலியைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒன்பது நாளாக நீ போன் எடுக்கவில்லை. கடைசியாக, "உங்களுக்கு மரை கழண்டுபோச்சா?" என்று கேட்டுவிட்டு வைத்தாய். அப்பனிடம் கேட்கிற கேள்வியா? சண்டையே பல் திருகைப் பற்றித்தான் என்பதால் விட்டுவிட்டேன்.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. செயற்கைப் பல்லைத் தாங்க நீ வரைந்த திருகை என் கீழ்த்தாடையில், கடைவாய்ப் பல் போன குழியில் இறக்கி ஒரு வருடம் ஆகிவிட்டது. உங்கள் கம்பெனியில் நாற்பது பேருக்கு வைத்துச் சோதிக்கிறீர்கள், அதில் நான் ஒருவன். ஒரு வருட எக்ஸ்ரேக்குக் கூப்பிட்டும் நான் போகவில்லை. முழங்கால் வலி என்று சொன்னேன். வலி இருந்தது. ஆனால் வகுப்புக்கு மாடி ஏறுகிறேனே என்று நீ கேட்பாய்.

பல் டாக்டர் தன் தாள்களை நகலெடுத்துக் கொடுத்த நீல ஃபைல் அலமாரியில் இருக்கிறது. அதில் என் கைநாட்டு எது என்று மட்டும்தான் இதுவரை எனக்குத் தெரியும். இப்போது எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான்கு பக்கம் ஆகியிருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா


ஜூன் 9

அப்பா,

உங்கள் கடிதத்தை அலுவலக கேன்டீனில் வைத்து மூன்று முறை படித்தேன். பக்கத்தில் இருந்தவள், "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். அழுதுகொண்டிருந்தேன் போல. உங்கள் எழுத்து பெரிது பெரிதாக, கோட்டை விட்டு இறங்காமல், அளவெடுத்த மாதிரி இருக்கிறது. வேறு எப்படி இருக்கும்?

அழுதேன் என்பதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது பேர் வரவில்லை. அதில் ஐந்து பேர் உங்கள் டாக்டரிடம் போகிறவர்கள். ஒரே இடத்தில் ஐந்து பேர் எப்படி வராமல் போவார்கள் என்று என் மேலாளர் கேட்கிறார். மாதா மாதம் நர்ஸ் குறித்த தாளில் ஐந்து பேருக்கும் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை.

28ஆம் தேதி அறிக்கையை முடித்துக் கொடுக்க வேண்டும். அது நன்றாக வந்தால் ஆகஸ்டில் திருகு விற்பனைக்குப் போகும். முதல் வருடமே பல்லாயிரம் பேர் வாய்க்குள் போகும் அப்பா. ஆறு வருடம் இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா? உண்மையைச் சொல்லுங்கள். போனில் வேண்டாம். போனில் நீங்கள் பேச்சை மாற்றுவீர்கள், நான் கத்துவேன். எழுதுங்கள்.

பாப்பா


ஜூன் 14

பாப்பாவுக்கு,

வருகிறது.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு எழுந்து வாசல் வரை நடந்துவிட்டு வந்தேன். இனி மிச்சத்தை எழுதுகிறேன்.

ஏழாவது மாதத்தில் ரத்தம் ஆரம்பித்தது. எட்டாவது மாதத்தில் ஒரு நாள் வாய் கொப்பளிக்கும்போது பல்லின் உள்பக்கம் என் நாக்கில் ஒன்று பட்டது. வேறு யாராக இருந்தாலும் ஏதோ துணுக்கு மாட்டியிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். நான் மரை வெட்டிச் சாப்பிட்டவன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே எந்த மரை என்று சொல்வேன், நாக்கு விரலை விடக் கெட்டிக்காரன். அது உன் திருகின் மரை. ஒரு சுற்று வெளியே வந்திருந்தது. பத்தாவது மாதத்தில் இரண்டு. இப்போது மூன்று.

நர்ஸ் மாதா மாதம் வாயைப் பார்ப்பதில்லை, கேள்வி மட்டும்தான் கேட்பார். டாக்டர் ஆறாவது மாதம் பார்த்தார், அப்போது நன்றாக இருந்தது. அதனால் போகும் முன் உப்புத் தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்துவிட்டுப் போய், "ரத்தம் எல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று சிரித்துவிட்டு வருவேன். எக்ஸ்ரே என்றதும் பயந்துவிட்டேன். எக்ஸ்ரேயிடம் சிரித்துத் தப்பிக்க முடியாது.

இன்னும் இருக்கிறது. அங்கே காத்திருக்கும் பெஞ்சில் எனக்கு நான்கு பேர் சிநேகம். ஒருவர் பழைய பஸ் கண்டக்டர், விசில் என்று கூப்பிடுவோம். அவருக்கும் ரத்தம் வந்தது, மற்ற மூன்று பேருக்கும்தான். "அண்ணே, சொல்லிரலாமா?" என்று விசில் கேட்டார். நான்தான், "சொன்னா கழட்டிருவாங்கய்யா, கம்முனு இரும்" என்றேன். பெரிய மனுஷன், திருகை வரைந்தவளின் அப்பன் சொல்கிறான் என்று நான்கு பேரும் கேட்டுக்கொண்டார்கள். எக்ஸ்ரேக்கும் அவர்கள் போகாதது என்னால்தான்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். உனக்காக என்று சொன்னால் பாதி உண்மை. நீ லீவில் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டே கேட்டாயே, திருகோட கழுத்துல எலும்பு கரையுதுப்பா, எப்படிப் பிடிக்க வைப்பது என்று. நான் சாதம் பிசைந்த கையோடு, "தலை வரைக்கும் மரையை ஓட்டு, அப்பத்தான் பிடி" என்றேன். நீ தட்டை அப்படியே விட்டுவிட்டுப் போய் வரைந்தாய். அன்றிலிருந்து அது என் திருகும்தான் என்று யாரிடமும் சொல்லாமல் நினைத்துக்கொண்டிருந்தேன். என் திருகு தோற்கக் கூடாது என்று நினைத்தேன்.

நீல ஃபைலை முழுதும் படித்துவிட்டேன். ரத்தக் கசிவு என்ற இடத்தில் நர்ஸ் கையெழுத்தில் பதினோரு முறை 'இல்லை' இருக்கிறது. முதல் ஆறு உண்மை. பின் ஐந்து பொய். பார்ப்பதற்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. வாயால் சொன்னபோது அது காற்றோடு போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை, வரிசையாக உட்கார்ந்திருக்கிறது.

முதல் பக்கத்தில் இன்னொரு 'இல்லை' இருக்கிறது. இந்த நிறுவனத்தில் உறவினர் யாராவது வேலை செய்கிறார்களா என்ற கேள்விக்கு. அது நர்ஸ் எழுத்து இல்லை. உன் எழுத்து. அதன் கீழே என் கைநாட்டு.

நான் உன்னைத் திட்டவில்லை. படித்ததைச் சொல்கிறேன்.

அப்பா


ஜூன் 18

அப்பா,

கடிதத்தை மூடி வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க வேலை பார்த்தேன். எதுவும் ஓடவில்லை.

முதலில் அந்த 'இல்லை'. ஆமாம், நான்தான் எழுதினேன். ஊழியரின் குடும்பத்தார் சேரக் கூடாது என்பது விதி. உங்களுக்குப் பல் வேண்டும், நல்ல திருகு வேண்டும், உலகத்திலேயே நல்ல திருகு என்னுடையது என்று நம்பினேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பது அன்று எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்து மரை. எந்த வடிவத்தில் வைத்தாலும் முதல் வருடம் திருகின் கழுத்தருகே எலும்பு கொஞ்சம் இறங்கும். அதோடு நின்றுவிட்டால் கவலை இல்லை. பழைய திருகுகளுக்குக் கழுத்து வழவழப்பாக இருக்கும், வெளியே தெரிந்தாலும் பிரஷ் பட்டால் சுத்தமாகிவிடும். நான் மரையையும் சொரசொரப்பையும் விளிம்பு வரை ஏற்றினேன். எலும்பு இறங்காமல் கவ்விக்கொள்ளும் என்று கம்ப்யூட்டர் சொன்னது. கம்ப்யூட்டரில் எச்சில் இல்லை, கிருமி இல்லை. உங்கள் வாயில் எலும்பு கொஞ்சம் இறங்கியதும் முதல் மரை வெளியே வந்திருக்கும். அந்தப் பள்ளத்தில் அழுக்கு படிந்தால் எந்தப் பிரஷும் எட்டாது. ஈறு புண்ணாகும், எலும்பு இன்னும் இறங்கும், அடுத்த மரை வெளியே வரும். அப்படியே போகும்.

எனக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். வந்த முப்பத்தொரு படத்தில் இரண்டில், கழுத்தைச் சுற்றி எலும்பு கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது. அவர்கள் சிகரெட் பிடிப்பவர்கள் என்று நானும் மேலாளரும் பேசி முடித்துக்கொண்டோம். இரண்டுதானே என்றோம். உங்கள் ஐந்து பேர் வந்திருந்தால் ஏழு. ஏழை யாராலும் அப்படிப் பேசி முடிக்க முடியாது.

அது உங்கள் திருகு இல்லை அப்பா. நீங்கள் சாப்பாட்டில் ஒரு வார்த்தை சொன்னீர்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதினெட்டு வரைபடம் போட்டு இதைத் தேர்ந்தெடுத்தது நான். இதில் பங்கு கேட்காதீர்கள்.

இப்போது நான் கேட்பதைச் செய்யுங்கள். வேறொரு பல் டாக்டரிடம் போய் அந்த இடத்தைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். விசிலையும் கூட்டிப் போங்கள். 28 வரை யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். அறிக்கை போகட்டும். அடுத்த பதிப்பில் கழுத்தை நான் வழவழப்பாக மாற்றிவிடுகிறேன், ஒரு வருடத்தில் பழையதை நிறுத்திவிடலாம். இப்போது சொன்னால் எல்லாம் போய்விடும். உங்கள் பெயர் வெளியே வந்தால் என் வேலையும் போகும்.

பத்து நாள்தான் அப்பா.

பாப்பா


ஜூன் 21

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைப் படிக்க எனக்கு ஒரு காலைப்பொழுது ஆனது. கடினமான வார்த்தைகளால் இல்லை. 'பத்து நாள்தான்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதை எழுதியது நீதானா என்று திரும்பத் திரும்ப எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்.

விசில் வீட்டுக்குப் போனேன். அவர் வாயைத் திறந்து, ஒரு விரலால் அந்தப் பல்லைத் தொட்டுக் காட்டினார். ஆடுகிறது. "பாருங்கண்ணே, முப்பது வருஷம் ஓடுற பஸ்ல நின்னவன், நான் ஆடினதில்ல. உங்க பொண்ணு திருகு ஆடுது" என்று சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. "மூணு வாரமா கஞ்சிதான் குடிக்கறாரு. கேட்டா, அண்ணன் சொல்லட்டும்ங்கறாரு. நீங்க எப்பதான் சொல்லப்போறீங்க?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார். எழுதப் படிக்கத் தெரிந்துவிட்டது என்று இந்த ஊரெல்லாம் குதித்துக்கொண்டு திரிந்தேனே பாப்பா, அங்கே செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எங்கள் பட்டறையில் சிவப்புப் பெயின்ட் அடித்த பெட்டி ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் நீ அதில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருப்பாய். அளவு தப்பிய உருப்படியை அதில் போட வேண்டும். சூப்பர்வைசர் எடுத்துப் போட மாட்டார். வெட்டியவனே நடந்து போய், எல்லாரும் பார்க்கப் போட வேண்டும். ணங்கென்று சத்தம் வரும். போட்டுவிட்டு வந்து அடுத்ததை வெட்டுவோம், அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நானும் ஒரு நாள் போடாமல் ஒன்றை நல்லதோடு கலந்து அனுப்பினேன். அது எங்கே போய் மாட்டியதோ, எதை உடைத்ததோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாததுதான் தொல்லை.

26ஆம் தேதி காலை பத்து மணிக்கு நான் நம் பல் டாக்டரிடம் போகிறேன். நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். எக்ஸ்ரே எடுத்துக்கொள்வோம். என் ஐந்து 'இல்லை'யையும் நானே திருத்துவேன். முதல் பக்கத்தில் இருப்பது உன்னுடையது. அதில் நான் கை வைக்க மாட்டேன். ஆனால் யாராவது கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்.

அதனால்தான் ஐந்து நாள் முன்பே எழுதுகிறேன். நீ எனக்கு முன்னால் நடந்து போய்ப் போட்டுவிட வேண்டும் என்பது என் ஆசை.

வெயில் அதிகம். தண்ணீர் குடி.

அப்பா


ஜூன் 24

அப்பா,

கிடைத்தது.

இதற்காகத்தான் எழுதக் கற்றுக்கொண்டீர்களா? போன வருடமாக இருந்தால் உங்களால் இதைச் செய்திருக்க முடியாது.

உங்கள் விருப்பம்.


ஜூன் 27

பாப்பாவுக்கு,

உன் மூன்று வரியும் சட்டைப்பையில் இருக்கிறது. நேற்று அதோடுதான் போனேன்.

ஐந்து பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் எக்ஸ்ரே வந்தது. டாக்டர் திரையில் போட்டுக் காட்டினார். நான் மூன்று மரை என்றேன். அவர் பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். ஐந்து. மேலே மூன்றுதான் நாக்குக்குத் தெரிந்தது. கீழே இரண்டில் எலும்பு இல்லை, ஈறு மூடி மறைத்து வைத்திருந்தது. "எனக்குத் தெரிஞ்சவங்களை நம்பித்தான் தாளை வாங்கி வெச்சேன். நானும் மாசா மாசம் வாயைத் திறந்து பார்த்திருக்கணும்" என்றார் டாக்டர். என்னைக் கோபிப்பார் என்று பார்த்தேன், அவர் முகம் அவர் மேல்தான் கோபமாக இருந்தது. என்னுடையதைத் திறந்து சுத்தம் செய்து பார்க்கலாம், காப்பாற்ற முடியலாம் என்கிறார். முடியாமலும் போகலாம்.

விசிலுக்குத் திருகைக் கழட்ட ஆயுதமே தேவைப்படவில்லை. கையோடு வந்துவிட்டது. அவர் அழவில்லை. நான்தான் வெளியே போய் நின்றேன்.

அப்புறம் தாளைக் கேட்டேன். நர்ஸ் பழக்கத்தில் மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். "பேனா குடும்மா" என்றேன். ஐந்து 'இல்லை'யையும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் 'உண்டு' என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டேன். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். ஒருவர், "பெரியவர் என்ன, உயில் எழுதறாரா?" என்றார். சிரித்தேன். வேறு ஒரு நாளாக இருந்தால் இந்தக் கையெழுத்துக்காக மிட்டாய் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

கடைசியில் முதல் பக்கத்துக்கு வந்தேன். உன் 'இல்லை'யைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். டாக்டர், "அது ஏற்கெனவே சரியாயிடுச்சு ஐயா" என்று ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். காலை ஒன்பது மணிக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து வந்ததாம். அவர் படித்துக் காட்டவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நேரம் ஆனாலும் நானே படித்தேன். நாற்பது பேரையும் மறுபடி கூப்பிட்டுப் பார்க்க வேண்டும், அதுவரை இந்தத் திருகை யாருக்கும் வைக்கக் கூடாது, வடிவமைத்தவள் என்ற முறையில் கேட்கிறேன் என்று இருந்தது. கடைசி வரி இது: 'பங்கேற்பாளர்களில் ஒருவர் என் அப்பா. இதை மறைத்தது நான்.'

எனக்கு முன்னால் நீ போய்விட்டாய்.

அச்சில் 'அப்பா' என்ற வார்த்தையை எத்தனையோ இடத்தில் படித்துவிட்டேன். பாடப்புத்தகத்தில் இரண்டாவது பக்கத்திலேயே வரும். என்னைப் பற்றி இருந்தது இது ஒன்றுதான். அந்தத் தாளைக் கேட்டேன். கொடுக்க முடியாது என்றார்கள். அதனால் அங்கேயே உட்கார்ந்து என் நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டேன்.

உன் வேலை என்ன ஆனது என்று கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

இந்தக் கவரில் காகிதத்தில் சுற்றி ஒன்று வைத்திருக்கிறேன். விசிலுடைய திருகு. டாக்டர் படம் எடுத்துக்கொண்டு, சுத்தம் செய்து அவரிடமே கொடுத்துவிட்டார். விசில் என்னிடம் கொடுத்தார். "பாப்பாகிட்ட குடுங்கண்ணே. திட்டலன்னு சொல்லுங்க. அடுத்தது ஆடாம பண்ணச் சொல்லுங்க" என்றார். அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

அப்பா


ஜூலை 8

அப்பா,

திருகு வந்து சேர்ந்தது. நான் வரைந்தபோது திரையில் அது என் முழங்கை அளவு பெரிதாக இருக்கும். இப்போது உள்ளங்கையில் ஒரு நெல்மணி நீளம்தான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரி. விளிம்பு வரை நகம் எங்கேயும் வழுக்கவில்லை. நிற்கிற இடமெல்லாம் பள்ளம்.

வடிவமைப்புப் பிரிவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை கீழ்த்தளத்தில், பழைய கோப்புகள் வைக்கும் அறையில் ஒரு மேஜை. ஜன்னல் இல்லை. மேலாளர் என்னோடு பேசுவதில்லை. முடிவில் வீட்டுக்கே அனுப்பினாலும் அனுப்புவார்கள். ஆகஸ்ட் விற்பனை நின்றுவிட்டது, அது மட்டும் நிச்சயம்.

24ஆம் தேதி நான் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். வேண்டாம். உங்கள் நீல ஃபைலில் இருக்கட்டும்.

முப்பத்தொரு பேரில் பாதிப் பேர் மறுபடி வர மாட்டேன் என்கிறார்கள். போன் செய்தால், "நல்லாத்தான் இருக்கு, தொந்தரவு பண்ணாதீங்க" என்று வைத்துவிடுகிறார்கள். ரத்தம் வருகிறதா என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்கிறார்கள். நிறுவனத்தின் அச்சடித்த கடிதத்தையும் யாரும் பிரித்துப் படிப்பதாகத் தெரியவில்லை. அதனால் அனுமதி கேட்டு, ஒவ்வொருவருக்கும் நானே எழுத உட்கார்ந்திருக்கிறேன். பல்லின் உள்பக்கம் நாக்கை வைத்துப் பாருங்கள், சொரசொரப்பாக ஏதாவது பட்டால் தயவுசெய்து மறைக்காதீர்கள், யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள், தப்பு உங்களுடையது இல்லை என்று.

விசிலுக்கு முதலில் எழுதினேன். பதில் என்ன வரும் என்று தெரியவில்லை.

இன்று காலையிலிருந்து நான்கு கடிதம் முடிந்திருக்கிறது. கையால் எழுதிப் பல வருடம் ஆகிவிட்டது. விரல் வலிக்கிறது. பென்சிலை நானும் உங்களை மாதிரியே இறுக்கிப் பிடிக்கிறேன் போல.

மெதுவாகத்தான் போகிறது அப்பா.

பாப்பா